ஞாயிறு பூசைக்கு ஒரு கைக்குட்டை

பக்கத்து வீட்டு அம்மணிக்கு,

என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது!

பழைய படுக்கை விரிப்பைச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்து, சிவப்பு நூலில் இரண்டு புறாக்கள் தைத்திருக்கிறேன். ஒன்று கோழியாகிவிட்டது. நடுவில் உங்கள் பெயர். நான் எழுத்துப் படித்ததே அதற்காகத்தான்.

தங்கை டெல்ஃபினா பார்த்துவிட்டாள். "ஏண்ணே, கைக்குட்டை தைச்சு அனுப்புறது பொண்ணுங்க வழக்கம். வெக்கமா இல்ல?"

"அவங்க தைக்கட்டும்னு காத்திருந்தா எனக்கு நூறு வயசாயிரும்டி."

வாங்கியவன் அதை அணிந்து பூசைக்கு வந்தால் சம்மதம் என்பதுதானே நம் ஊர் வழக்கம். நீங்களும் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். தோளில் போட்டு வந்தால் போதும். பிடிக்காவிட்டால் அதை வைத்து ரொட்டிக் கூடையை மூடிக்கொள்ளுங்கள். நானும் எதுவும் கேட்க மாட்டேன்.

ஞாயிறன்று முன்வரிசையில் இருப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இல்லை, பார்ப்பேன்.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கத்துக்காரன்