உன் அளவுக்குச் செய்த சைக்கிள்

இன்று காலை பின்சக்கரத்தில் அப்பியிருந்த கரிசல் மண்ணைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தேன். நேற்று திருமங்கலம் தாண்டி ஒரு கண்மாய்க் கரை வரைக்கும் போயிருந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சுரண்டச் சுரண்ட அந்த ஈரமண் வாசம் மேலே எழும்பியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். “என்னம்மா?” என்று மகள் வந்து கேட்டாள். “ஒண்ணுமில்ல, மண்ணு” என்றேன். உன் பெயரைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மேலே கேட்கவில்லை.

உனக்கு நினைவிருக்கும், எல்லாம் அந்த மண்ணில்தான் ஆரம்பித்தது. ஒரே பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு டீச்சர், நான் ஆபீஸ் கிளார்க். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், நீ சைக்கிள் என்று மாற்றினாய். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பேரையூருக்குப் பக்கத்தில் இருக்கும் உன் அம்மா வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவது என்று கிளம்பினோம். ரோடு வரைக்கும் சரியாகத்தான் போனோம். ஊருக்குப் பிரியும் வண்டிப்பாதையில் இறங்கினோமோ இல்லையோ, மழை. பத்தடி போவதற்குள் இரண்டு சைக்கிளும் நின்றுவிட்டன. டயருக்கும் மேலே இருக்கும் குழாய்க்கும் நடுவே களிமண் அடைத்துச் சக்கரம் சுற்றவே மறுத்தது. கருவேலங்குச்சியை ஒடித்து நோண்டினோம். இரண்டடி உருட்டினால் மறுபடி அடைத்தது. கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம்.

நான் அன்றைக்கு அழாத குறை. நீ மட்டும் நடுப்பாதையில் நின்று சிரித்தாய்.

“சைக்கிள் நம்மளச் சுமக்கும்னு பாத்தா, நாம அதச் சுமக்குறோம்டி” என்றாய். பிறகு சைக்கிளைக் கீழே இறக்கி, அந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாய். உன் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. “இடம் இல்ல. அம்புட்டுதான் விஷயம். இடம் இருந்தா மண்ணு வந்துட்டுப் போயிரும்.”

அதற்குப் பிறகு மதுரையில் நாம் ஏறி இறங்காத சைக்கிள் கடை இல்லை. ஒரு கடைக்காரர், “லேடீஸ் சைக்கிளா மேடம்? முன்னாடி கூடை வச்சது புதுசா வந்துருக்கு” என்று எடுத்துக் காட்டினார். “கூடை வேணாம்ணே. இந்த ரெண்டு குழாய்க்கு நடுவுல டயரு போக எம்புட்டு இடம் இருக்குன்னு பாக்கணும்” என்று சொல்லிவிட்டு நீ தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு சைக்கிளாக விரல் விட்டுப் பார்த்தாய். அகல டயர் போட்ட பிறகும் இருபக்கமும் ஒரு விரல் நுழைய வேண்டும், மட்கார்டு மாட்டின பிறகும் நுழைய வேண்டும் என்பது உன் கணக்கு. அப்படி இடம் இருந்த சைக்கிள்கள் எல்லாம் உயரமான ஆம்பிளைகளுக்குச் செய்தவை. நீ ஐந்தடி. ஏறி நின்றால் கால் தரையில் எட்டவில்லை. எட்டுகிற சைக்கிளிலோ, திருப்பும்போது உன் கால் விரல் முன்சக்கரத்தில் இடித்தது.

கோயம்புத்தூரில் ஒருவர் ஆளுக்குத் தகுந்த மாதிரி பிரேம் செய்து தருகிறார் என்று நீதான் தேடிப் பிடித்தாய். எதில் செய்வது என்பதில் நமக்குள் ஒரு மாதம் சண்டை. அலுமினியம் எடை குறைவு என்றேன் நான். “எடையக் குறைக்கணும்னா மொதல்ல என்னையத்தான் குறைக்கணும்” என்றாய். “ஸ்டீலு விட்டுப்போச்சுன்னா பேரையூர்லயே பத்த வச்சுத் தந்துருவாங்க. அலுமினியம் விட்டுப்போச்சுன்னா நீதான் லோடு ஆட்டோ எடுத்துட்டு வரணும்.” மழையில் பிடிக்கிற டிஸ்க் பிரேக், பின்னால் சாமான் கட்ட கேரியர், காலில் இடிக்காதபடி சற்றுச் சின்னச் சக்கரம், எல்லாவற்றையும் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தாய். வேலைக்கும் அதே சைக்கிள், ஊருக்கும் அதே சைக்கிள், வெயிலுக்கும் மழைக்கும் அதே சைக்கிள். “ஒண்ணு வாங்குனாலும் சாகுற வரைக்கும் ஓட்டுற மாதிரி வாங்கணும்” என்றாய்.

உன் உடம்பு அளவுகளை அனுப்பச் சொல்லியிருந்தார் அந்த மனிதர். செப்டம்பர் மாதம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் டேப்பைப் பிடித்தேன். கால் நீளம் எடுத்தோம். தோள் அகலம் எடுத்தோம். கையை நீட்டச் சொல்லி அக்குள் பக்கம் டேப்பை வைத்தபோது என் விரலில் ஏதோ பட்டது. புளியங்கொட்டை அளவு. கெட்டியாக, நகராமல்.

“இது என்னடி?”

“சூட்டுக் கட்டி. அது கெடக்கு.”

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். வலியெல்லாம் இல்ல.”

“டாக்டர்ட்ட காமிச்சியா?”

நீ கையைக் கீழே இறக்கிக்கொண்டாய். “மழை முடியட்டும். ஜனவரில போயிக் காமிக்கிறேன். இப்பப் போனா எங்க வீட்டுக்காரரு சைக்கிளே வேணாம்னுருவாரு. இந்த ஒரு தடவ எனக்குன்னு ஒண்ணு கேட்டுருக்கேன். அவருட்ட சொல்லிராத. சத்தியம் பண்ணு.”

நான் பண்ணினேன். உன் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்துப் பண்ணினேன். பிறகு டேப்பைத் திரும்ப வைத்து, கை நீளம் இருபத்து மூன்று அங்குலம் என்று எழுதிக்கொண்டேன்.

நடுவில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் நீ பேச்சைப் பிரேமுக்கு மாற்றினாய், நானும் உன்னோடு மாறிக்கொண்டேன். என்ன நிறம் அடிப்பது என்று ஒரு வாரம் பேசினோம். ஜனவரி போனது. பிப்ரவரியில் உன் கை வீங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அதற்குள் அது கட்டியாக மட்டும் இருக்கவில்லை.

பிரேம் வந்து, சக்கரமெல்லாம் பூட்டிச் சைக்கிளாகி உன் செல்லூர் வீட்டுக்கு வந்தபோது உனக்கு முடி கொட்டியிருந்தது. சந்துக்குள் ஆட்டோ வராது என்று, நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர்தான் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். பச்சை நிறம். நீ கட்டிலில் இருந்து எழுந்து வந்து, முதல் வேலையாக டயருக்கும் குழாய்க்கும் நடுவே விரலை விட்டாய். தாராளமாக நுழைந்தது. “பாருங்க” என்று அண்ணனிடம் காட்டினாய். அவருக்கு என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் குனிந்து பார்த்தார்.

சிகிச்சைக்கு நடுவே ஓர் இடைவெளி கிடைத்தது. கார்த்திகை மாதம், தூறலோடு விடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அழகர்கோவில் ரோட்டில் நாம் போனோம். நீ மெதுவாக மிதித்தாய், நான் பின்னாலேயே வந்தேன். வழியில் சட்டென்று ஒரு வயல்பாதையில் திருப்பிவிட்டாய். “வேணாம்டி, வழுக்கும்” என்று நான் கத்தினேன். சேறு டயரில் ஏறியது, சுற்றியது, பின்னால் தெறித்து விழுந்தது. சக்கரம் நிற்கவில்லை. பாதை முடியும் வரைக்கும் போய், காலை ஊன்றித் திரும்பி நின்றாய். தலையில் கட்டியிருந்த துணி நனைந்து ஒட்டியிருந்தது.

“நின்னுச்சா? நிக்கலல்ல?”

“நிக்கலடி.”

“நான் சொன்னேன்ல” என்று குழந்தை மாதிரி சிரித்தாய். திரும்பி வர உன்னால் முடியவில்லை. லோடு ஆட்டோ பிடித்து, இரண்டு சைக்கிளையும் ஏற்றி, நீ என் தோளில் சாய்ந்திருக்க வீடு வந்து சேர்ந்தோம். அந்தச் சைக்கிளில் நீ போனது அந்த ஒரு தடவைதான். மாசியில் போய்விட்டாய்.

உனக்குத் தெரியாததை இனிமேல் சொல்கிறேன். உன் முப்பதாம் நாள் முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் அண்ணன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆஸ்பத்திரில இருக்கும்போது உங்களத்தான் அதிகமாத் தேடுனா” என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டேப்பில் அளவு எடுத்தது, கட்டி பட்டது, சத்தியம் செய்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். “செப்டம்பர்ல இருந்து பிப்ரவரி. அஞ்சு மாசம்.”

“ஆமாண்ணே.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சத்தியம் வாங்கிட்டாண்ணே.”

“பெரிய சத்தியம்.” எழுந்து போய் உன் சைக்கிள் சீட்டில் கையை வைத்தார். “நான் சைக்கிள் வேணாம்னு சொல்லியிருப்பேன்னா நெனச்சா?” என்று கேட்டார். “நீங்க கெளம்புங்க” என்றார்.

முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்று உன் டாக்டரிடமே ஒரு நாள் கேட்டேன். “சொல்ல முடியாதும்மா” என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் உடைந்து போயிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

எட்டு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மழைக்காலக் காலையில், செல்லூரில் இருந்து புதூரில் என் வீடு வரைக்கும் உன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“வீட்ல சும்மா நின்னா துருப்பிடிச்சுரும். நீங்க ஓட்டுங்க” என்றார். “ஆனா உங்க மேல இருக்குற கோவம் போகல.”

“போக வேணாம்ணே” என்றேன். காபி குடிக்காமல் போய்விட்டார்.

சைக்கிள் எனக்குக் குட்டை. சீட்டை உயர்த்திப் பார்த்தாயிற்று, கைப்பிடியை மாற்றிப் பார்த்தாயிற்று. உன் அளவுக்குச் செய்ததை என் அளவுக்கு ஆக்க முடியவில்லை. கொஞ்சம் குனிந்துதான் ஓட்டுகிறேன், முதுகு வலிக்கிறது. பரவாயில்லை.

போன மாதம் பள்ளிக்கூட ஆபீஸில், புதிதாக வந்திருக்கும் அறிவியல் டீச்சர் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, மார்புல ஒரு கட்டி மாதிரி இருக்கு. பரீட்சை முடியட்டும்னு இருக்கேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க, சத்தியம் பண்ணுங்க” என்றாள்.

“பண்ண மாட்டேன்” என்றேன். அவள் கண்ணெதிரேயே அவள் கணவருக்குப் போன் போட்டேன். தலைமையாசிரியரிடம் போய் விஷயத்தைச் சொல்லி அவளுக்கு லீவு வாங்கினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை. சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி. பள்ளிக்கூடம் முழுக்க விஷயம் தெரிந்துபோனதில் அவளுக்கு அவமானம். இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை.

எனக்கு அது வலிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், ‘ஒன்றுமில்லை’ என்று நர்ஸ் வந்து சொன்னபோது, நான் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்காக அழுகிறேன் என்று அவள் கணவர் நினைத்துத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். அவள் வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையடி. உனக்காக அந்த ஒரு நிமிஷம் நான் பேசவில்லை.