நாலாம் நாளோடு நிற்கும் ஓட்டம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு, நான் நலம். உன் இருமல் தேவலையா?

தினமும் நடக்காவிட்டால் வேலைக்குத் தகுதி என்று எழுதித் தரமாட்டாராம் இங்கே கம்பெனி டாக்டர். அறுபது வயசில் என் பிராணனை வாங்குகிறார்! ஐந்து முறை ஆரம்பித்தேன், ஒவ்வொரு தடவையும் நாலாம் நாளோடு சரி. நேற்று இரும்பு மூக்கு வைத்த வேலை பூட்சோடு ஆறு கிலோமீட்டர் ஓடினேன், தெருவே வாய் பிளந்தது. கூட வந்த டிரைவர் பொறாமையில், "அண்ணே, அது ஆறு விளக்குக் கம்பம் தூரம்தான். முதல்ல நடங்க, அப்புறம் பறக்கலாம்" என்கிறான். பிறகு தரையில் கொஞ்சம் உட்கார்ந்தேன். நாலு பேர்தான் தூக்கினார்கள், பயப்படாதே.

மெத்தென்ற காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. காலையில் நான் நடக்கும்போது போனில் இரு. பேசக்கூட வேண்டாம், திட்டினால் போதும். இந்தத் தடவை நாலாம் நாளைத் தாண்டிவிடுவேன்.

வேலை மணி அடித்துவிட்டது.

உன் ஓட்டக்காரன்