ஜான்சி வாட்டர் சப்ளை

என் செல்ல ஜான்சிக்கு,

நேற்று உன் வருஷ நினைவுப் பூசை. கோயிலிலிருந்து திரும்பினால், மேனாம்பேடு வீட்டு வாசலில் மாலை போட்ட புதுத் தண்ணீர் லாரி நிற்கிறது. நீல டேங்கில் பெரிய வெள்ளை எழுத்தில் உன் பெயர்: ஜான்சி வாட்டர் சப்ளை. கீழே, சுத்தமான குடிநீர். அதைப் பார்த்து உன் அண்ணன் கண் கலங்கினார். நிஜமாகத்தான் கலங்கினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எந்தத் தண்ணீர் ஏறுகிறது என்று கேட்பாய். பழைய லாரியில் ஏறிய அதேதான். வீட்டுக்குப் பின்னால், தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய நம் போர்வெல்.

நீ இருந்தபோது ஏரியிலிருந்து ஆகாயத்தாமரையை அள்ளிப்போய், கல்லூரி ஆய்வகத்தில் வேகவைத்து, பழுப்பாக ஒரு கரைசல் எடுத்து வந்தாய். கண்ணுக்கே தெரியாத கரித்துகள் அண்ணி, நானோ என்றாய். டீத்தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று நான் சிரித்தேன். நீ சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா டார்ச்சை அடித்தாய். கேன் தண்ணீரில் விட்ட கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. நம் போர்வெல் தண்ணீரில் விட்டது மங்கி, இல்லாமலே போனது. உலோக விஷம் இருந்தால் ஒளி அணையும் என்றாய். என் சிரிப்பும் நின்றுபோனது.

அப்போதும் நீ அவசரப்படவில்லை. இரும்பு இருந்தாலும் மங்கும் என்று சொல்லி, வேறு கருவியிலும் பார்த்துவிட்டு வந்தாய். குரோமியம்தான். முலாம் பூசும் பட்டறைக் கழிவு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அதே துகளைச் சேர்த்து உருண்டைகள் செய்தால் விஷத்தை உறிஞ்சி எடுக்கவும் முடியும், அதுவரை லாரியை நிறுத்து என்று அண்ணனிடம் கெஞ்சினாய்.

"எலைய வேக வெச்ச தண்ணிய காட்டிகினு என் பொழப்புல கைய வெக்கிறியா?" என்றார்.

"என்னை எவ்ளோ வேணா திட்டு அண்ணே. அந்தத் தண்ணிய மட்டும் ஏத்தாத."

அவர் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. உன் உருண்டைகள் ஒரு ஜாடித் தண்ணீரைச் சுத்தம் செய்து காட்டின. அதற்குள் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் கொஞ்சம் காலம் கிடைத்திருந்தால்?

நேற்றுச் சாயங்காலம் புது லாரி நம் தெருவிலேயே முதல் தண்ணீரை ஊற்றியது. நீ வைத்துவிட்டுப் போன கரைசலையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுச் செல்வியிடம் போனேன். அவள் குடத்துத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். நீலம் போனதைப் பார்த்தாள்.

"பாத்துட்டேன்க்கா. வேற தண்ணி எங்க கீது, சொல்லு," என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

விஷயம் உன் அண்ணன் காதுக்குப் போனது. கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"செத்துப்போன பொண்ணு பேரக் கெடுத்துட்டியேடி."

யார் கெடுத்தது, ஜான்சி? அதை அவரிடம் கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

உன் கல்லூரிப் பேராசிரியைக்கு இன்று போன் செய்தேன். திங்கட்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு என்னோடு வருகிறேன் என்றார். பட்டறைகளைப் பற்றியும் சொல்வோம், நம் போர்வெல்லைப் பற்றியும் சொல்வோம். திரும்பி வரும்போது இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமா, தெரியவில்லை. போகாமல் மட்டும் இருக்க மாட்டேன். யாருடைய போர்வெல் என்று கேட்டால், என் புருஷனுடையது என்று வாய் திறந்து சொல்வேன்.

உன் அண்ணி,
ரெஜினா