நின்றுகொண்டே சாப்பிட்டவள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கப்பலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், கண்ணில் விடும் சொட்டு மருந்து வேலை செய்கிறது, நானும் சுகம். உன் மனைவியும் சுகம் என்று எழுதினால் அது பாதிப் பொய், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பதறாமல் மீதியைப் படி. போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் கப்பல் போன் பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறது, விழுங்காத பாதிக்கு நீ உடனே பதில் சொல்லிவிடுகிறாய். உன் கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் சேர்த்துவிடுவார்களாம், அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

நீ புறப்பட்ட வாரம் அவள் இங்கே வந்தாள். இரண்டாவது வாரம் லிப்ட் நின்றது. ஏதோ பாகம் வரவேண்டுமாம், இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. நான்காவது மாடி, எழுபத்திரண்டு படி. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போவதைத் தவிர அவள் கீழே இறங்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும், யார் யாரோ கட்டப்போகிற வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறாள். முதலில் மேசையில் உட்கார்ந்து போட்டவள், பிறகு கம்ப்யூட்டரைத் தூக்கித் துணி தேய்க்கும் பலகைமேல் வைத்து நின்றுகொண்டே போட்டாள். சாப்பாடும் நின்றுகொண்டே. நாங்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்திருப்போம், அவள் தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலோரம் நிற்பாள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது என்பதை மறைக்கவில்லை. எங்களோடு உட்காரப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை, பாத்திரம் வைக்கும் சத்தத்தில் சொன்னாள்.

ஒருநாள் நானே கேட்டேன். என்னம்மா, உட்கார்ந்தால்தான் என்ன என்றேன். "வால் எலும்பு வலிக்குது மாமா, உக்காந்தா ஆணி மேல உக்காந்த மாதிரி இருக்கு, எந்திரிக்கிறப்போ அதைவிட மோசம்" என்றாள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் கூச்சமாகிவிட்டது. மருமகளிடம் மாமனார் மேற்கொண்டு விசாரிக்கிற இடமா அது. அத்தையிடம் போய்க் கேளம்மா என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அம்மா அவளிடம், "மாசமானா வலிக்காம என்ன செய்யும், எல்லாம் பொறந்ததும் சரியாப் போயிடும்" என்றாள். உன்னிடமும் சொல்லியிருக்கிறாள், நீயும் அதையேதான் சொன்னாயாம். இப்படி நான் தட்டிக்கழித்து, நீங்கள் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு அவள் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. அவளுடைய அக்காவுக்குத் தரைத்தளத்தில் வீடு, முன்பக்கம் ஜெராக்ஸ் கடை, அங்கே போய் இருக்கட்டுமா என்று உன்னிடம் கேட்டதற்கும் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். என்னிடம் நீ சொன்னது நினைவிருக்கும். "நீங்க வெளிய போனா பூட்டிட்டுப் போங்கப்பா, அவ தனியா படி இறங்கிடுவா" என்றாய். நானும் சரி என்றேன். மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து வந்து திறக்கிற சிரமமும் அவளுக்கு மிச்சம் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப் போனேன். வெளிக்கதவில் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். பதினொரு மணி இருக்கும், இங்கே அவள் கையிலிருந்த போன் நழுவிச் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. எடுக்க முட்டி போட்டுக் குனிந்திருக்கிறாள். கைக்கு எட்டவில்லை. எழுந்திருக்கப் பார்த்தபோது அடிமுதுகில் வெட்டியதுபோல ஒரு வலி, அவ்வளவுதான், மேலேயும் எழ முடியவில்லை, பின்னால் சாய்ந்து உட்காரவும் முடியவில்லை. முட்டி போட்டபடியே கையையும் தலையையும் சோபாமேல் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் கேட்டு ஓடி வந்தார், வந்து என்ன செய்வார், குறுக்கே என் பூட்டு. என் நம்பர் அவரிடமும் இல்லை, இவளுக்கும் மனப்பாடமில்லை. வாட்ச்மேன் சுத்தியலோடு வந்து மூன்று நான்கு அடி அடித்திருக்கிறார், நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கியவன் நான், அது அசையவில்லை. பூட்டு ரிப்பேர் செய்கிற ஆளைத் தேடி அவர் தெருத்தெருவாக அலைய, டீச்சர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பிள்ளை அசைகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாராம். அசைகிறது அசைகிறது என்று இவள் உள்ளேயிருந்து சொல்வாளாம்.

நாங்கள் வந்தபோது மணி ஒன்றரை. டீச்சர் எழுந்து ஒதுங்கி நின்றார். சாவியைத் தலைகீழாகவே திரும்பத் திரும்பத் துவாரத்தில் திணித்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். டீச்சரும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி அவளைத் தூக்கினோம். முட்டி இரண்டும் சிவந்து போயிருந்தன. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "வலி எனக்குப் பழகிடுச்சு மாமா. ஆனா நான் கூப்பிட்டாலும் யாராலயும் உள்ள வர முடியாதுன்னு தெரிஞ்சப்போதான் பயந்துட்டேன்." இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

அன்றே அவளைத் தாங்கிப் பிடித்துப் படியிறக்கி டாக்டரிடம் போனோம். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனில் காட்டினார்கள், பிறகு பிசியோ பார்க்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நான் வெளியே நின்றேன், அந்த அம்மாதான் உள்ளே கூப்பிட்டு, வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்றார். "பிரசவத்துக்காக இடுப்பு எலும்பெல்லாம் இளகுது, புள்ளையோட பாரமும் சேருது, அதுல வால் எலும்பு படாத பாடு படும். நிறைய பேருக்கு வர்றதுதான். ஆனா வர்றதுதானேன்னு அப்படியே விட்டுடணும்னு எந்த புஸ்தகத்துலயும் இல்ல" என்றார். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சற்று முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், எழும்போது இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து தொடையில் பலம் கொடுத்து எழ வேண்டும், ஒருக்களித்துப் படுத்து இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை, வெதுவெதுப்பாக ஒத்தடம், டாக்டர் எழுதிய மாத்திரையைத் தவிரக் கடையில் கேட்டு எதுவும் வாங்கிப் போடக் கூடாது. கால் மரத்துப்போனாலோ ரத்தம் கண்டாலோ உடனே கூட்டி வரவேண்டும். மறுநாள் நான் மட்டும் டயர் மாதிரி நடுவில் ஓட்டை இருக்கிற மெத்தை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், அதைக் காட்டியதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். பின்பக்கம் திறந்திருக்க வேண்டுமாம், எலும்பு எதன்மேலும் படக் கூடாது. அது எனக்குப் புரிகிற விஷயம். டிப்போவில் சீட் தைக்கிற பழைய சிநேகிதனிடம் போய்க் கெட்டியான பஞ்சு வாங்கி, பின்பக்கம் பிளந்தபடி வெட்டித் தைத்து வந்தேன். முதல் தடவை வெட்டியது சரியில்லை, இரண்டாவதில் உட்கார்ந்து கால் மணி நேரம் இருந்தாள். அத்தனை நாளில் அன்றுதான் எங்களோடு மேசையில் சாப்பிட்டாள். அம்மா அன்று பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

ஆனால் மெத்தை மெத்தைதான், வலி போய்விடவில்லை. பூட்டை நான் எறிந்துவிட்டேன், இருந்தும் வெளியில் படிச்சத்தம் கேட்டால் அவள் திரும்பிக் கதவைப் பார்ப்பாள், அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்று. எழுபத்திரண்டு படியும் ஒரு பூட்டுதானே. அக்கா வீட்டுக்குப் போகட்டுமா என்று என்னிடம் கேட்டாள். அதை மட்டும் உன்னிடம் போனில் சொன்னேன், நீ "பிரசவம் வரைக்கும் நம்ம வீட்லயே இருக்கட்டும்பா" என்றாய், பிறகு லைன் போய்விட்டது. உன் பேச்சை மீறினேன். டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுச் சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை அவளை இறக்கினோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினாள், நான் அவளுக்கு ஒரு படி கீழே பின்பக்கமாகவே இறங்கினேன், டீச்சர் மேலே. ஒவ்வொரு மாடியிலும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். நாற்பது நிமிடம். காரில் நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளம் மேடெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன், அந்த ஆள் பொறுக்க முடியாமல், "பெரியவரே, நீங்களே ஓட்டுறீங்களா" என்றார். அவள் பின்னாலிருந்து சிரித்தாள்.

நேற்று போய்ப் பார்த்தேன். இன்னமும் அரை மணிக்கு மேல் உட்கார முடியவில்லை, படுக்கையில் புரள்வதற்கே பல்லைக் கடிக்கிறாள், இன்னும் ஏழெட்டு வாரம் இதைத் தாண்ட வேண்டும். ஆனால் நினைத்தபோது கதவைத் திறந்து தெருமுனைவரை நடக்கிறாள், கடையில் நின்றபடி அக்காவுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறாள்.

வீடு திரும்பி இதையெல்லாம் சொன்னபோது அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உங்க மகன் வயித்துல இருந்தப்போ எனக்கும் இதே வலிதான். யாரும் என்னைக் கேக்கல, அதனால எனக்கும் அவளைக் கேக்கத் தோணல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எழுந்து விளக்கைப் போடப் போய்விட்டாள். முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நான் எங்கேயோ கடலில் இருக்கவில்லை மகனே, அதே வீட்டில்தான் இருந்தேன்.

லீவைப் பிரசவத்துக்கு அப்புறம் எடுப்பதாகச் சொன்னாய், முடிந்தால் முன்னால் தள்ளிக் கேட்டுப் பார், மறந்துவிடாதே. இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு. எப்படி இருக்கிறது என்று கேள், கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இரு. கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா