ரோட்டில் நின்று தேர்ந்தெடுத்த பெட்டி

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கின்றன, சில கீழே தொங்குகின்றன. 'ழ' எழுதும்போது மட்டும் பேனா தாளைக் கிழித்துவிடுகிறது. ஃபாக்டரி டிரையரில் தேயிலை வாரிய கை இது. பேனா பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. ஆனாலும் நானே எழுதுகிறேன், யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. இதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை மறைக்க முடியாது. உன் மேல் இருக்கிற கோபத்தையும் மறைக்கப் போவதில்லை.

வீட்டுக்குள் இன்னும் சூடான தூசி மணக்கிறது. நேற்று உன் ஆம்ப்பைப் போட்டோம். எத்தனையோ மழைக்காலம் ஓரமாகக் கிடந்த ஒலிபெருக்கிப் பெட்டி. சுவிட்சைத் தட்டியதும் உள்ளே படிந்திருந்த தூசி சூடாகி, பழைய கம்பளி கருகுவது போல ஒரு வாசனை. திருவிழாவில் நீ கிதாரைத் தோளில் மாட்டும் முன் முதலில் வருவது இந்த வாசனைதான். "வந்துருச்சு பாரு, இனி பாட்டு வரும்" என்பாய்.

நீ செத்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன். ஏலப்பாறை பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். நம்மோடு ஃபாக்டரியில் இலை எடைபோட்ட சாமுவேல், நீ மகளோடு இருந்த திருப்பூரிலிருந்து பையோடு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினான். என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"ஏன்டா வரல? உன்னத்தான் எல்லாரும் தேடுனாங்க. பெட்டிய மூடாம வச்சிருந்தாங்க உனக்காக."

எந்தப் பெட்டி என்று கேட்டேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

உன் மகள் எஸ்தர் என் போனுக்கு எழுத்தாக அனுப்பியிருந்தாள். போனில் எழுத்து வராத நாளே இல்லை. யூனியன்காரர்கள் அனுப்புவார்கள், பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புவார்கள். இதையும் அப்படித்தான் பார்த்தேன், தள்ளிவிட்டேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் பஸ்ஸில் ஏறியிருப்பேன். எனக்குப் படிக்க வராது என்று தெரிந்தும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். வர வேண்டாம் என்பதற்கு இது ஒரு நாகரிகமான வழி என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அங்கன்வாடியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போனேன். என் பெண்டாட்டி பாக்கியம் கேலி செய்தாள். "பல்லு போன காலத்துல பலகாரம் கேக்குதாக்கும்" என்றாள். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் போனில் பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் போய் அந்தச் செய்தியைக் கண்டுபிடித்தேன். "மாமா, அப்பா போய்விட்டார். நாளைப் பகல் அடக்கம். நீங்கள் வரும்வரை காத்திருப்போம்." ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. என் வாழ்க்கையில் முதன்முதலாக நானே முழுதாகப் படித்தது அதுதான். படிக்கத் தெரிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியும் நீ போன துக்கமும் ஒன்றாக வந்தன. எதற்கு அழுதேன் என்று பாக்கியத்திடம் சொல்ல முடியவில்லை.

போன மாதம் எஸ்தர் கூப்பிட்டாள். இந்த முறை குரலில்.

"மாமா, அப்பாவோட கிதார் பெடலெல்லாம் எங்கிட்டதான் இருக்கு. சர்ச்சுல நான்தான் இப்ப வாசிக்கிறேன். புதுசா ஒரு ஆம்ப் வாங்குனேன், அதுல பெடலப் போட்டா எல்லாம் கொழகொழன்னு கேக்குது. அப்பாவோட ஆம்ப் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

"எடுத்துக்கட்டுமா?"

"வா, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். மனதுக்குள் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பெட்டியாவது எனக்கு இருக்கட்டும் என்று இருந்தேன்.

அதை வாங்கப் போன நாள் நினைவிருக்கிறதா? குமுளியில் பஸ் மாறி, மலையிறங்கி, கம்பம் வழியாக மதுரைக்குப் போனோம். நீ மடியில் பெடல் பையை வைத்திருந்தாய், காலால் மிதித்துக் கிதார் சத்தத்தை மாற்றும் பெடல்கள். ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி கொடுக்கும், ஒன்று தண்ணீர் அலை போல ஆட்டும். நம் பாட்டுக் குழுவில் எல்லோரும் வேறொன்றை வாங்கச் சொல்லியிருந்தார்கள். நூறு சத்தம் உள்ளேயே இருக்கும் ஆம்ப், பட்டனைத் திருகினால் போதும், பெடலே வேண்டாம் என்றார்கள். நீ கேட்கவில்லை. "எல்லாத்தையும் கம்பெனிக்காரனே உள்ள போட்டு வச்சிருந்தா என் பெடல் அங்க போய் என்ன பேசும்? ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கும்" என்றாய்.

கடையில் முதலில் அந்த நூறு சத்தப் பெட்டியைத்தான் காட்டினார்கள். மெதுவாக வாசித்தபோது நன்றாகத்தான் இருந்தது. நீ உன் பெடல்களைச் செருகினாய். பிறகு கடைக்காரரிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னாய்.

"இவ்வளவு போதுமே சார், ஏசி ரூம்ல காது வலிக்கும்."

"நான் ஏசி ரூம்ல வாசிக்கப் போறதில்லீங்க. தேயிலக்காட்டுல வாசிக்கணும். அங்க வைக்கிற சத்தத்துல இங்க கேட்டாத்தான் தெரியும்."

கூட்டியதும் அந்தப் பெட்டி தானாகவே கரகரக்க ஆரம்பித்தது. அதன் மேல் உன் கரகரப்புப் பெடலை மிதித்ததும் ஆறு கம்பியும் கூழாகிவிட்டது. அடுத்து பழைய ரேடியோ போல வால்வு வைத்த ஒன்றைக் காட்டினார்கள். அதன் இனிமை எனக்கே பிடித்தது. நீ கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "ஃபாக்டரி மிஷின் ஓடுறப்ப நம்ம லயத்து வீட்டுக் கரண்டுக்கு இது மூச்சு வாங்கும்" என்று தள்ளி வைத்தாய்.

மூலையில் கறுப்பாக ஒன்று இருந்தது. சத்தத்துக்கு ஒரு திருகு, கனத்துக்கும் கூர்மைக்கும் ஒவ்வொன்று. பின்னால் வயர் செருக இரண்டு துளை. அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றும் இல்லை. பெடல் இல்லாமல் வாசித்தால் வெறும் கம்பிச் சத்தம். கடைக்காரர் அச்சடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். "படிச்சுப் பாருங்க சார், எல்லா விவரமும் இருக்கு."

தாளை வாங்கிக்கொண்டு நின்றேன். நீ கிதாரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: "அவரு தாளப் பாத்து வாங்குற ஆளு இல்லீங்க. வெளிய ரோட்டுல நின்னு கேட்டாத்தான் அவருக்குத் திருப்தி. போ மாப்ள, எதிர்ப்பக்கம் போய் நில்லு."

போய் நின்றேன். வெயில், பஸ் ஹாரன், கரும்புச்சாறு வண்டி. உள்ளே நீ குளிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். வேலைக்காரனைப் போல என்னை வெளியே அனுப்பினாய் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் கேட்டேன். கரகரப்பை மிதித்தாய், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகச் சாலையைத் தாண்டி வந்தது. எதிரொலிப் பெடலைப் பின்னால் இருந்த துளைகளில் செருகி வாசித்தாய், ஒரு சுரம் முடிந்து அதன் வால் மறைவதற்குள் அடுத்த சுரம் தெளிவாக வந்தது. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாய், பெட்டி உடையவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். அதுதான் தீர்ப்பு.

திரும்பும்போது குமுளியிலிருந்து வந்த பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதெந்தா, டிவியோ?" என்று மலையாளத்தில் கேட்டார். "நோயாளி, மதுர ஆஸ்பத்திரில காட்டிட்டு வர்றோம்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. பெட்டியை இரண்டு பேர் மடியிலும் வைத்துக்கொண்டு வந்தோம். அப்போதுதான் சொன்னாய்: "ஃபாக்டரி டேஸ்டிங் ரூம்ல பாத்திருக்கியா, தண்ணி நல்லாருந்தாத்தான் டீத்தூளோட குணம் தெரியும். உப்புத் தண்ணில எந்தத் தூளும் ஒண்ணுதான். ஆம்ப் தண்ணி மாதிரி இருக்கணும் மாப்ள. தனக்குன்னு ருசி இருக்கக் கூடாது."

அன்று அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு பிடிக்காமல் போனது.

ஏனென்றால் அதன் பிறகு எல்லாத் திருவிழாவிலும் என் இடம் வெளியேதான். நீ மேடையில். நான் கீழே சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று கையைத் தூக்கிக் காட்டுவேன். எதிரொலி அதிகமானால் இடது கை, கரகரப்பு குறைந்தால் வலது கை. கைதட்டல் உனக்கு. கடைசியில் ஃபாக்டரியை மூடினார்கள். நீ மகள் வீட்டுக்குப் போனாய். பெடல்கள் பைக்குள் அடங்கிவிட்டன, பெட்டி அடங்கவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும்டா. கிறிஸ்துமஸுக்கு வந்து வாசிக்கணும்ல" என்றாய். எந்தக் கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை. போன் பேச்சும் குறைந்துபோனது. தனக்கென்று ஒரு சத்தமும் இல்லாத பெட்டியை, அப்படித் தேடித் தேர்ந்தெடுத்த பெட்டியை, பெடல் இல்லாமல் என் வீட்டு மூலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

நேற்று எஸ்தர் ஒரு ஜீப்பில் வந்தாள். நெற்றி உன்னுடையது. பாக்கியம் காப்பி கொடுத்தாள். நான் நேராகவே கேட்டேன்.

"அப்பா செத்ததுக்கு ஏம்மா கூப்பிட்டுச் சொல்லல? படிக்கத் தெரியாதவனுக்கு யாராவது எழுதி அனுப்புவாங்களா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "யாருக்குப் படிக்கத் தெரியாது?"

"எனக்குத்தான்."

"என்ன மாமா சொல்றீங்க? அப்பா அப்படிச் சொன்னதே இல்லியே. 'நான் சும்மா வாசிச்சேன், ஆம்ப்ப எடுத்தது அவன்தான். கடைக்காரன் கொடுத்த தாள் பூராத்தையும் படிச்சிட்டு, அதையும் நம்பாம ரோட்டுல போய் நின்னு கேட்டான்' அப்படின்னுதான் எல்லார்கிட்டயும் சொல்வாரு. நான் சின்னதுலேருந்து ஹாஸ்டல்ல. எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குரல் உடைந்தது. "போன்ல வாயத் தொறந்தா அழுகதான் வந்துச்சு. அதான் எழுதுனேன். சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோம் மாமா. கோவத்துல வரலன்னு நெனச்சோம்."

பாக்கியம் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதுரைக் கடையில் என்னை ஏன் வெளியே அனுப்பினாய் என்று நேற்றுதான் புரிந்தது. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நான் விழித்ததை நீ ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறாய். சரி. அந்த நாளோடு விட்டிருக்கலாமே. உன் பெண்டாட்டியிடமும் பிள்ளையிடமும் ஏன் அந்தப் பொய்யை வளர்த்தாய்? என் மானத்தை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினாய். அதனால் உன் முகத்தைப் பார்க்காமல் போனேன். உன் மகள் என்னைக் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டு உன்னை மண்ணுக்குள் இறக்கினாள். "அவனுக்கு எழுத்து வராது, கூப்பிட்டுச் சொல்லு" என்று ஒரு வார்த்தை உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே வந்து உன் பக்கத்தில் நின்றிருப்பேன்.

அதன் பிறகு பெட்டியைத் தர மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "மொதல்ல போட்டுப் பாரு" என்றேன். அவள் பெடல்களைத் தரையில் வரிசையாக வைத்தாள். நான் யாரும் சொல்லாமலே வெளியே போனேன். படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, செடிகளுக்கு அந்தப் பக்கம். முதலில் கரகரப்பு வந்தது, ஒவ்வொரு கம்பியாக. பிறகு எதிரொலி. கொஞ்சம் அதிகம். இடது கையைத் தூக்கினேன். ஜன்னலில் நின்று பார்த்தவள் குனிந்து திருகைக் குறைத்தாள். அவளுக்கு அந்தச் சைகை தெரிந்திருக்கிறது. நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய். என்னைக் கூப்பிட மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொடுத்துவிட்டேன். மூலையில் வைத்திருந்தால் அதிலிருந்து எனக்குக் கிடைக்கப் போவது தூசியின் வாசனைதான்.

ஜீப்பில் ஏற்றும் முன் எஸ்தர், "பின்னால இருக்குற ரெண்டு துளைல எது எதுக்கு மாமா? எனக்கு மாறி மாறிப் போகுது" என்றாள். வகுப்புக் காகிதத்தில் இரண்டு துண்டு கிழித்தேன். ஒன்றில் 'போகும்' என்று எழுதினேன், சத்தம் எதிரொலிப் பெடலுக்குப் போகும் துளைக்கு. மற்றதில் 'வரும்' என்று எழுதினேன், அங்கிருந்து திரும்பி வரும் துளைக்கு. பாக்கியம் சோற்றுப் பருக்கை கொண்டுவந்தாள், ஒட்டினேன். 'கு' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. எஸ்தர் அதை வாய்விட்டுப் படித்தாள். நான் எழுதியதை இன்னொருவர் படித்துக் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நேரத்திலும்.

என் எழுத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு உன் பெட்டி குமுளிப் பக்கம் போய்விட்டது. இங்கே அது இருந்த இடத்தில் தரை சதுரமாகச் சுத்தமாக இருக்கிறது. என்னிடம் இப்போது இருப்பது அந்தத் தள்ளி நிற்கும் இடம் மட்டும்தான். எந்தப் பாட்டு கேட்டாலும் என் கால் தானாக வாசலுக்குப் போகிறது. அதை நீதான் கொடுத்தாய். என் மானத்துக்காகக் கொடுத்தாய், தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

கை வலிக்கிறது. உன்னைத் திட்ட வேண்டியதில் பாதிகூட எழுதவில்லை, திட்டுவதற்கு எனக்கு இன்னும் சில எழுத்துகள் சரியாக வரவேண்டும். வருகிற ஞாயிறு வகுப்பில் அவற்றைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருகிறேன். 'ழ' வராவிட்டாலும் உட்காருவேன். நீ அங்கேயே இரு, இந்த முறை உன் பங்குக்கு வெளியே நின்று கேள்.