ஸ்கேனுக்கு முன் ஒரு தேத்தண்ணி

மார்ச் 11, செவ்வாய், ஹந்தானை

படிக்கும் காலத்தில் எழுதிவந்த இந்தக் கொப்பியைப் பட்டம் வாங்கிய பிறகு தொடவே இல்லை. இன்று வீட்டுக் கதையோடு வந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கண் மஞ்சளாகிப் பத்து நாள். போன வாரம் எடுத்த அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. பித்தக் குழாயும் வீங்கியிருந்தது. ஆனால் குழாயை அடைத்திருப்பது கல்லா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் இன்று ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

ஆறு மணித்தியாலம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். "ஒன்னும் சாப்பிடலைங்க," என்று அம்மா தாதியிடம் சொன்னார். விடிய ஐந்து மணிக்கு அவர் பால் தேத்தண்ணி குடித்ததை நான் பார்த்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. உள்ளே கூப்பிட்டபோதுதான் சொன்னேன்.

"தேத்தண்ணி சாப்பாடாடி?" என்றார் அம்மா. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

"அது வயித்துல இருந்தா குழாய் சரியாத் தெரியாதும்மா," என்று சிரித்த தாதி, எங்களைப் பதினொன்றரை வரை உட்காரவைத்தார்.

பின்னேரம் டொக்டர் படத்தைக் காட்டினார். வெள்ளைக் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. கல்தான், வேறொன்றும் இல்லை. வியாழக்கிழமை வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடுவார்களாம். "வெட்ட மாட்டாங்கல்ல?" என்று மூன்று முறை கேட்ட அம்மா, இப்போது நன்றாகத் தூங்குகிறார்.

வலி போன வருஷமே தொடங்கியதாம். அம்மா டொக்டரிடம் சொன்னபோதுதான் எனக்கும் தெரிந்தது. என் கடைசிப் பரீட்சைக்காக மறைத்திருக்கிறார். நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அம்மா, இனி வலித்தால், எனக்கு எந்தப் பரீட்சை இருந்தாலும் சொல்லுங்க.