உள்ளறைக்குப் போட்ட வெளிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒரு குளியலறை. இன்னும் செங்கல்லே வைக்காத வீட்டுக்குக் கணினியில் குளியலறை கட்டிப் படம் எடுத்துத் தருவதுதான் என் பிழைப்பு. இந்த வீட்டுக்காரருக்கு எதிரெதிரே இரண்டு கண்ணாடி வேண்டுமாம். எங்கள் தொழிலில் கண்ணாடிதான் பிடிவாதக் குழந்தை. வெளிச்சம் ஒன்றில் பட்டு எதிர்க் கண்ணாடிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்... எத்தனை தடவை போய் வரலாம் என்று மென்பொருளுக்கு நாம்தான் ஓர் எண் சொல்ல வேண்டும். எண் குறைந்தால் கண்ணாடியின் ஆழத்தில் கறுப்பாக ஒரு சதுரம் நிற்கும். கூட்டினால் கணினி சாயங்காலம்வரை மூச்சு வாங்கும்.

பக்கத்து நாற்காலி நரையன் (இருபத்தெட்டு வயதில் தலை முழுக்க வெள்ளை) வழக்கம்போல, மாப்பிள்ளையைப் போட்டு அனுப்பிடு என்றான். மாப்பிள்ளை என்பது மென்பொருளில் நாங்கள் சேமித்து வைத்திருக்கும் ஓர் அமைப்பு. அதில் கண்ணாடி தன்மேல் விழுந்த வெளிச்சத்தைத் துளிகூட விழுங்காமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும். உலகத்தில் அப்படிக் கண்ணாடி கிடையாது. கல்யாணப் போட்டோவில் எந்த மாப்பிள்ளையும் அழகன்தான், அதனால் அந்தப் பெயர்.

போட்டு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

தங்கை வந்திருந்தாள். இத்தனை வருடம் வீட்டுக் கூடத்திலேயே தைத்தது போதும், கடை போடுகிறாளாம். ஒரே கட்டடத்தில் இரண்டு அறை காலி. முன்னறை தெருவைப் பார்த்தது, சின்னது, பெரிய ஜன்னல். உள்ளறை நடையின் கோடியில், இரண்டு மடங்கு பெரியது, உயரத்தில் ஒரே ஜன்னல். இரண்டு மெஷினும் துணி போட்டுப் பார்க்கிற இடமும் உள்ளறையில்தான் அடங்கும்.

“ஆனா இருட்டா இருக்குண்ணா. ரெண்டு பக்கமும் ஆள் உயரக் கண்ணாடி வெச்சா வெளிச்சம் வருமா? நீதான் கண்ணாடிக்காரனாச்சே, பாத்துச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமைக்குள் எந்த அறை என்று கட்டடக்காரரிடம் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 8, சனி

அறையை அளந்து வந்து செய்தேன். முதலில் நிஜக் கண்ணாடியின் கணக்கையே கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும், கொஞ்சம் பச்சையைக் கலக்கும். வந்த படம் கிணற்றுக்குள் கடை வைத்த மாதிரி இருந்தது.

அவள் முகம் வாடுமே என்று இருந்தது. இன்னொன்றும் உண்டு, இங்கே யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடலாம். அவளிடம் நான் காட்டப் போகும் முதல் படம் அது. நான் கெட்டிக்காரன் என்று அவள் நினைக்க வேண்டும்.

மாப்பிள்ளையைப் போட்டேன். அறை பளிச்சென்று விடிந்தது. காட்டும்போது விவரம் சொல்லிவிடலாம்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவும் அவளும் பார்த்தார்கள். தங்கை திரையையே தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே இவ்வளவு வெளிச்சம் வருமா என்று கேட்டாள். கிட்டத்தட்ட என்றேன்.

கிட்டத்தட்ட!

மதியமே உள்ளறையைப் பேசி முடித்துவிட்டாள். அம்மா எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடை திறந்தாயிற்று. வந்தவர்கள் எல்லாம் கண்ணாடிகளுக்கு நடுவில் நின்று தங்களையே எண்ணிச் சிரித்தார்கள். முதல் பிம்பம் சரி. இரண்டாவதும் பரவாயில்லை. அதற்கப்புறம் பச்சை ஏறி, ஐந்தாவது ஆள் குளத்தடியில் நிற்கிறான். கொஞ்சம் மங்கலாக இருக்கிறதோ என்று தங்கை காதோடு கேட்டாள். மேகமாக இருக்கிறது, அதனால் என்றேன்.

மேகமெல்லாம் ஒன்றும் இல்லை.

மே 14, புதன்

அம்மா சொல்லித்தான் தெரியும். ஒரு பெண் ரோஜா நிறச் சட்டையை உள்ளறையில் போட்டுப் பார்த்துச் சரி என்று தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் போய்ப் பார்த்ததும் திரும்பி வந்தாளாம். இது நான் கேட்ட நிறமே இல்லை என்று சண்டை. இந்த மாதத்தில் இது முதல் சண்டை இல்லையாம். குழல்விளக்கு போட்டிருக்கிறாள், அதில் நிறம் இன்னும் மோசம். இப்போது துணி போட்டவர்களை எல்லாம் நடை வழியாக வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்துகிறாளாம். பாதித் தையலில், ஊசி குத்தியபடி, தெருவில் போகிறவன் பார்க்க யார் நிற்பார்கள்?

மே 15, வியாழன்

கிட்டத்தட்ட என்று ஒரு வார்த்தை. அதை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருந்தால்?

ஜூன் 7, சனி

போய்ச் சொல்லிவிட்டேன். கடையில் யாரும் இல்லை. முதலில் வந்த மங்கலான படத்தையும் காட்டினேன். அதைப் பார்த்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான்.

அழுவாள், கத்துவாள் என்று தயாராகப் போயிருந்தேன். கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

“நீ ஊருக்கெல்லாம் விக்கறதுக்குப் படம் போடுவ, அது எனக்குத் தெரியும். எனக்குமா விக்கணும்?”

அந்தக் கண்ணாடிக்குள் என் முதுகு வரிசையாகத் தெரிந்தது, நெளிந்துகொண்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடையைக் காலி செய்தோம். கண்ணாடிகளை ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் எடுத்துப்போனார். மெஷின்கள் மறுபடி வீட்டுக் கூடத்தில். முன்னறையை வேண்டாம் என்று சொன்ன வாரமே அங்கே செருப்புக்கடை வந்துவிட்டது. வாசலைக் கடக்கும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மெஷினை நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். “பாத்து, படி இருக்கு” என்றாள். நாள் முழுக்க என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, வியாழன்

மாப்பிள்ளையை அழித்துவிட்டேன். நரையன் தலையில் கை வைத்துக்கொண்டான், முதலாளி கூப்பிட்டுத் திட்டினார். சாயங்காலத்துக்குள் நரையன் அதைத் திரும்பச் செய்துவிட்டான், முன்னைவிட இன்னும் பளிச்சென்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அக்டோபர் 29, புதன்

அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை காலி. சின்னதுதான். காலை வெயில் தரைவரைக்கும் விழுகிறது. கைபேசியில் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

மதியம் பதில் வந்தது. “இது போட்டோவா, நீ செஞ்சதா?”

போட்டோ என்று எழுதினேன். அப்புறம் சத்தியமா என்று சேர்த்தேன். அப்புறம் சத்தியமாவை அழித்துவிட்டு அனுப்பினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அறையைப் பார்க்க வந்தாள். ஜன்னல் எந்தத் திசை, மத்தியானம் வெயில் எங்கே வரும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு முழத் துணியை எடுத்தாள். அதே ரோஜா நிறம். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள், அறையின் நடுவில், கடைசி மூலையில், பிறகு வாசலுக்குப் போய்த் தெருவில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி உள்ளே வந்து முதலிலிருந்து. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் சுவரோரமாகவே நின்றேன்.

நன்றாக இருக்கிறது என்று, சாவி கொண்டுவந்த அறைச் சொந்தக்காரரிடம்தான் சொன்னாள். கண்ணாடி எங்கே மாட்டலாம் என்று அவர் கேட்டார்.

“ஒண்ணு போதும்” என்றாள். எந்தச் சுவரில் என்று என்னைக் கேட்கவில்லை.